வெளியே போயிருக்கிறார்

பொய் சொல்வது தையல்காரிக்குப் புதிதல்ல. ‘சனிக்கிழமை கண்டிப்பா ரெடியாயிடும்’ என்று சொல்லாத தையல்காரி எந்த ஊரில் இருக்கிறாள்? துணியை இன்னும் வெட்டவே இல்லாதபோது ‘பொத்தான் மட்டும்தான் பாக்கி’ என்று முகம் மாறாமல் சொல்லத் தெரியாவிட்டால் அந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க முடியாது. அந்தப் பொய்களெல்லாம் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும், யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அன்று காலை பத்தரை மணிக்கு ஆறு குழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் சொன்ன பொய் அந்த ரகம் இல்லை.

“அவர் தண்ணி கொண்டு வரப் போயிருக்கார் சார். இப்ப வந்துருவார்.”

அவள் புருஷன் இறந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள்.

அவன் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன். தற்காலிக வேலைக்காக வேறு ஊருக்குப் போனவன், ஒரு மத்தியானம் கம்பத்திலிருந்து பத்திரமாக இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ‘நெஞ்சு என்னவோ பண்ணுது’ என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தான். அவ்வளவுதான். அவளும் கொழுந்தனும் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. அங்கேயே அடக்கமும் ஆயிற்று; இந்த ஊரில் யாருக்கும் இன்னும் தெரியாது. திரும்பி வந்தபோது, கடன் அனுமதியாகிவிட்டது என்ற வங்கிக் கடிதம் வாசற்படியில் கிடந்தது.

கடன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. சொந்தக் கையால் வீடு கட்டிக்கொள்பவர்களுக்கான கடன். ஆள் வைத்துக் கட்டக் கூடாது, புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே கட்ட வேண்டும், கூடப் பிறந்தவர்கள் கை கொடுக்கலாம். வட்டி குறைவு. ஆனால் பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், மரச்சட்டம், கூரை, கடைசி வேலை என்று நான்கு கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் வந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் அடுத்த தவணை. கடைசிப் பார்வைக்கு மட்டும் இருவரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இருவரில் ஒருவர் இறந்துபோனால் பணம் அப்படியே நின்றுவிடும். விஷயத்தை முதலிலிருந்து விசாரிப்பார்கள். மிச்சமிருப்பவரின் வருமானம் போதாதென்றால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், இல்லாவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். பதினோரு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம் அது. ஊருக்கு வெளியே, சரிவில், ஒரு மரவீடு நிற்கிற அளவுக்குத்தான் இடம்.

பொய்க்கு யோசனை சொன்னது கொழுந்தன்தான். வேன் ஓட்டுகிறவன். எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கும் என்று நம்புகிறவன்.

“மூணே மூணு தடவை அண்ணி. அண்ணன் வெளியே போயிருக்கார்னு மூணு தடவை சொன்னாப் போதும். வீடு உங்க கையில. கடைசிக் கையெழுத்தை அப்ப பாத்துக்கலாம்.”

அவள் அப்போது கொழுந்தன் வீட்டில்தான் இருந்தாள். ஒரே அறை. நடுவில் அவளே தைத்த திரை. அந்தப் பக்கம் அவனும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், இந்தப் பக்கம் அவளும் தையல் மெஷினும். ஓரகத்தி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் பாத்திரங்களை மூடும்போது மூடியில் கொஞ்சம் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்?

வங்கியிலிருந்து பார்வையிட வந்தவருக்கு அந்த வட்டாரத்தில் ரசமட்டம் என்று பெயர். எங்கே போனாலும் சட்டைப்பையிலிருந்து குமிழி ஓடுகிற ஒரு சின்ன ரசமட்டத்தை எடுத்து, மட்டம் சரியா என்று வைத்துப் பார்ப்பார். உட்காரக் கொடுத்த நாற்காலியிலும் வைத்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். ஒல்லியான மனிதர், கொஞ்சம் இழுப்பு உண்டு. நல்ல சாலை கீழே ஒரு வளைவோடு முடிந்துவிடுவதால் ஸ்கூட்டரை அங்கே நிறுத்திவிட்டு, நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வருவார். அன்றும் அப்படி வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆறு அஸ்திவாரக் குழிகளையும் அளந்தார். நீளம், அகலம், ஆழம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

“சரிம்மா. அவரைப் பாக்க முடியலை, பரவாயில்லை. அடுத்த தடவை பாத்துக்கறேன்.”

அவர் இறங்கிப் போனதும் மண்குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ரசமட்டம் மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருகிறார்.

“வளைவுல உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன்மா. ரெண்டு கையிலயும் தண்ணி கேன். ஃபைல்ல போட்டோ இருக்கே, பாத்ததும் தெரிஞ்சுது. அவர் ஒண்ணு சொன்னார். வடக்கு மூலைக் குழியில அடிமண் இறுகலையாம். கம்பி விட்டுப் பாக்கச் சொன்னார்.”

ரசமட்டம் ஒரு கம்பியை எடுத்து வடக்குக் குழியில் ஊன்றினார். கம்பி அரையடி உள்ளே இறங்கியது.

அந்தக் குழியில் ஒரு பாறாங்கல் இருந்தது. நான்கு நாளைக்கு முன் அதைத் தனியாளாகக் கடப்பாரையால் பெயர்த்தாள். பெயர்த்ததில் குழி ஆழமாகிவிட்டது. யார் திரும்ப ஜல்லி சுமப்பது என்று தளர்ந்த மண்ணையே தள்ளி மேலே மிதித்துச் சமன் செய்துவிட்டாள். கொழுந்தனிடம்கூடச் சொல்லவில்லை.

“இதுமேல தூணை நிறுத்தினா முதல் மழையில வீடு சாஞ்சிடும். மண்ணை எடுத்துட்டு ஜல்லி போட்டு இறுக்குங்க. நல்ல மனுஷன், தன் வேலையில இருக்கிற குறையைத் தானே சொல்றார். அந்த மாதிரி ஆளை நான் பாத்ததில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வளைவுக்கு ஓடினாள். யாரும் இல்லை. புழுதியில் இரண்டு வட்டமான ஈரத் தடங்கள், அருகருகே, கேனைக் கீழே வைத்து எடுத்தது போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை காய்ந்துகொண்டிருந்தன.

“யாராவது வேற ஆளா இருக்கும் அண்ணி” என்றான் கொழுந்தன். “தண்ணி கேன் தூக்காத ஆள் யாரு? அந்த மனுஷனுக்குப் பார்வை மட்டம்.”

“குழி விஷயம்?”

“அது... அவரே கண்டுபிடிச்சிருப்பார். சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு அண்ணன் தலையில போட்டுட்டார்.”

அவள் நம்ப விரும்பினாள், ஆகவே நம்பினாள். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. இறந்தவன் குறை சொன்னான் என்று கேட்டபோது அவளுக்குப் பயத்தோடு பயமாகச் சிரிப்பும் வந்தது. அவள் புருஷன் அப்படிப்பட்டவன்தான். அவள் தெற்கு என்றால் அவன் வடக்கு. அவள் தைத்த சட்டையை ஊரே மெச்சினாலும் காலரைத் திருப்பிப் பார்த்து ஒரு நொட்டை சொல்வான். பதினோரு வருஷத்தில் அவள் சொன்னதை முதல் தடவையிலேயே கேட்டதாகச் சரித்திரமில்லை.

முதல் தவணை வந்தது. காலையில் கடையில் தையல், மத்தியானத்துக்கு மேல் சரிவில் சுத்தியல். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் வேனில் மரம் கொண்டு வந்து கூட நின்று வேலை பார்ப்பான். தூண்கள் நின்றன, சட்டங்கள் ஏறின. அங்குலக் கணக்கு தையல்காரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. சட்டைக்குக் கைக்குழி அளவைத் தவறாமல் வெட்டுகிறவளுக்கு ஜன்னல் சட்டம் ஒரு பெரிய விஷயமா? தூணும் சட்டமும் சேருகிற இடங்களில் இரும்புப் பட்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும். அதையும் கற்றுக்கொண்டாள்.

ரசமட்டம் இரண்டாம் முறை வந்தபோது அவளே முந்திக்கொண்டாள். “அவர் ஆணி வாங்க டவுனுக்குப் போயிருக்கார் சார்.”

அவர் தூண்களில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், பட்டைகளைத் தட்டிப் பார்த்தார், எழுதிக்கொண்டு இறங்கினார். கால் மணி நேரத்தில் அவளுடைய போன் அடித்தது.

“அம்மா, நான்தான். வளைவுல நிக்கிறேன். இவர் இங்கதான் இருக்கார், உங்க வீட்டுக்காரர். தோள்ல ஆணி மூட்டை. மூணாவது தூண்ல பட்டைக்குச் சின்ன ஆணி அடிச்சிருக்காம், காத்து அடிச்சா பிடுங்கிடுமாம். பெரிய ஆணி கொண்டு வந்திருக்கேங்கிறார்.”

“சார், அவர்கிட்ட போனைக் குடுங்க.”

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

“கையை எடுக்க முடியாதாம்மா. மூட்டை கனமாம். இறக்கி வைக்கலாமேன்னேன், நீங்க எங்கயும் இறக்கி வைக்கச் சொல்லலையாம்.” ரசமட்டத்தின் குரலில் லேசான கண்டிப்பு. “தப்பா நினைக்காதீங்க. போட்டோவுல இருக்கிறதுக்குப் பாதியா இளைச்சுட்டார். இந்த வெயில்ல மனுஷனை இப்படி அலைய விடாதீங்க.”

சரிவில் விழுந்தடித்து ஓடினாள். ஸ்கூட்டர் போய்விட்டிருந்தது. வளைவு வெறிச்சோடிக் கிடந்தது. மேலே வந்து மூன்றாவது தூணின் பட்டையில் ஒரு ஆணியைக் கிடுக்கியால் இழுத்தாள். இரண்டு விரல் நீளம்கூட இல்லை, ஒரே இழுப்பில் கையோடு வந்தது. பெரிய ஆணி தீர்ந்துபோய், கடைக்குப் போகச் சோம்பி, கொழுந்தன் இருந்ததை வைத்து அடித்திருக்கிறான். அது அவளுக்கே தெரியாது.

கேட்டபோது கொழுந்தனின் முகம் வெளுத்தது. குறுக்கு வழிக்காரன் முதன்முதலாக வழி தெரியாமல் நின்றான். ஆனால் அவனுக்கும் வீட்டில் மூடிச் சத்தம் கேட்கிறதே. இரண்டு நாள் கழித்து ஒரு யோசனையோடு வந்தான்.

“அண்ணி, நாம கிட்டவே சொல்றோம். தண்ணி, ஆணின்னு பக்கத்துல சொல்றதால இங்கயே... தூரமா சொல்லுங்க. வேற ஊர்ல வேலைன்னு சொல்லிடுங்க. அப்ப அந்த வளைவுல யார் நிக்கப் போறா?”

இதைக் கேட்டு அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூட்டை, வெயில், இளைப்பு என்று ரசமட்டம் சொன்னதெல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூரைத் தகரம் வாங்கியாகிவிட்டது, அடுத்த தவணை வந்தாக வேண்டும். பயமும் இருந்தது. பயந்துபோன மனிதர்கள் அன்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள்.

“தூர ஊர்ல வேலை கிடைச்சிருக்கு சார். லைன் இழுக்கிற வேலை. வர ரெண்டு மாசமாகும்” என்றாள் மூன்றாம் முறை. ரசமட்டம் தகரத்தின் மேல் ஏறி நடந்து பார்த்தார், திருகாணிகளை எண்ணினார், கூரை பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை, போனும் அடிக்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள். பத்து நாளில் தவணை வந்தது. கொழுந்தன் ‘பாத்தீங்களா’ என்று மார்தட்டிக்கொண்டான்.

அடுத்த மாதம், சுவருக்கு உள்பலகை அடித்து ஒயர்களை மூடுவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரசமட்டம் வந்தார். அதற்குப் பணம் கிடையாது, மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாது என்பதற்காக வருவது. வந்தவர் ஒயரைப் பார்க்கவில்லை. ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு பஸ்ல வந்துட்டிருந்தேன். இங்கேருந்து எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். நெடுஞ்சாலையோரமா உங்க வீட்டுக்காரர் நடந்து போறார். தோள்ல கம்பி வடம். மனசு கேக்கலை, பஸ்ஸை நிறுத்தி இறங்கிட்டேன். கால்ல செருப்பில்லை. அடிப்பாதம் பிஞ்சு தொங்குது.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க போறீங்கன்னு கேட்டேன். தெரியலைங்கிறார். ‘வேலைக்குன்னு அனுப்பினாங்க, எந்த ஊருன்னு சொல்லலை’ன்னார். ‘தூரம்னு மட்டும்தான் சொன்னாங்க, அதான் நடந்துக்கிட்டே இருக்கேன்’னார். கூரையில ஏதாவது குறை இருக்கான்னு நானா கேட்டேன், பேச்சுக்கு. அவருக்கு எந்தக் கூரைன்னே தெரியலை. என்னம்மா குடும்பம் இது? ஒரு மனுஷனை எந்த ஊருன்னுகூடச் சொல்லாம அனுப்புவாங்களா?”

எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லைதான். பொய்க்கு எதற்கு ஊர்ப் பெயர் என்று விட்டுவிட்டாள். தண்ணீருக்குப் போயிருக்கிறார் என்றாள், தண்ணீர் சுமந்தான். ஆணிக்கு என்றாள், ஆணி சுமந்தான். தூரம் என்றாள், தூரத்துக்கு முடிவு ஏது? இப்போது அவளுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. இறந்தவனை உட்கார விடாமல் வேலைக்கு ஏவிக்கொண்டிருப்பவள் அவள்தான்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டையில் கைக்குழியை மூடியே தைத்துவிட்டாள், வாடிக்கையாளர் தலையை விட்டுக் கையைத் தேடியபோதுதான் தெரிந்தது. ஒரு நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் நெடுஞ்சாலை முழுக்கப் போய்ப் பார்த்தாள். ஓரமாக நடக்கிற ஒவ்வொரு ஆளையும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. எங்கே என்று அனுப்பியிருந்தாலல்லவா போய்ப் பார்க்க முடியும்? சரிவில் வந்து நின்று, ‘போதும், வந்துடுங்க’ என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. ஃபைல் வைத்திருக்கிற ரசமட்டத்திடம் சொன்னால்தான் அவனுக்குப் போய்ச் சேர்கிறது போலிருந்தது.

கடைசிப் பார்வைக்குத் தேதி குறித்தார்கள். உள்பலகை அடித்தாயிற்று, தரை போட்டாயிற்று, கதவுகள் மாட்டியாயிற்று. ஒரு கூடம், உள்ளே ஒரு சின்ன அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மூலை. மர வாசனையோடு வீடு கச்சிதமாக நின்றது. அவளுடைய கையால் அடிக்காத ஆணி அதில் நூறுகூட இருக்காது. திரை வேண்டாத வீடு.

“இதோ பாருங்க அண்ணி” என்று கொழுந்தன் திட்டம் போட்டான். “உள் அறையில ஒரு கட்டில் போடுவோம். நான் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்கறேன். அண்ணனுக்குக் கடும் காய்ச்சல்னு சொல்லுங்க. பேப்பரை உள்ள கொண்டு வாங்க, கையை மட்டும் நீட்டிக் கையெழுத்தைப் போட்டுடறேன். பள்ளிக்கூட நாள்லேருந்தே அண்ணன் கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. மார்க் அட்டையில எத்தனை போட்டிருக்கேன்!”

“கட்டிலைப் போடு தம்பி. ஆனா நீ படுக்க வேண்டாம். நீ வாசல்ல நில்லு.”

“அப்ப யாரு படுப்பா?”

அவள் உள் அறையைப் பெருக்கப் போய்விட்டாள்.

வெளியே என்று சொன்னால் அவன் வெளியே இருக்கிறான். உள்ளே என்று சொன்னால்? இந்த எண்ணம் வந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. வீடும் கிடைக்கும், அவனும் வருவான். நடந்து நடந்து தேய்ந்தவனுக்கு ஒரு கட்டில் கிடைக்கும். இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே நூறு தடவை கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அவன் வேண்டும். காலரைத் திருப்பிப் பார்த்து நொட்டை சொல்ல ஒரு ஆள் வேண்டும். பழைய கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொழுந்தன் வேனில் கொண்டு வந்து போட்டான். அவள் புது விரிப்பை விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள்.

ரசமட்டம் பதினோரு மணிக்கு வந்தார். கூடத்தின் நான்கு மூலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்றது. ஜன்னலைத் திறந்தார், மூடினார், விளக்கைப் போட்டார், அணைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மடியில் ஃபைலை விரித்தார்.

“கட்டடத்துல ஒரு குறை கிடையாது. இருபத்தெட்டு வருஷத்துல சொந்தக் கையால இப்படிக் கட்டினவங்களை நான் பாத்ததில்லை. ரெண்டு கையெழுத்து, அவ்வளவுதான். அவர் வந்துட்டாரா?”

வாசலில் கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“உள்ள படுத்திருக்கார் சார்” என்றாள்.

உள் அறையில் கட்டில் முனகியது. ஒரு உடம்பு கிடத்தப்பட்டால் கயிறு எப்படி முனகுமோ அப்படி. பட்டப்பகல், ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. கொழுந்தன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்துவிட்டான். ரசமட்டத்துக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை.

“வந்துட்டாரா, நல்லதாப் போச்சு. எழுப்ப வேண்டாம், பேப்பரை அங்கயே கொண்டு போங்க” என்று நீட்டினார்.

அவள் பேப்பரையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு உள் அறை வாசலுக்குப் போனாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. இரண்டு பாதங்கள். புழுதி ஏறி, வெடித்து, தோல் உரிந்து, யாருடைய பாதமென்று சொல்ல முடியாதபடி இருந்தன. ஆனால் அவளுக்குத் தெரியும். இடது சுண்டுவிரல் மேலே ஏறிய பாதத்தை அவளுக்குத் தெரியாதா?

பாதங்கள் ஓய்ந்திருக்கவில்லை. படுத்தபடியே நடந்துகொண்டிருந்தன. இடது, வலது, இடது, வலது என்று ஒன்று மாற்றி ஒன்று புது விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

“என்னங்க” என்றாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“வந்துட்டேன்” என்றது உள்ளே குரல். அவன் குரல்தான். ஆனால் அதில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை, அலுப்புகூட இல்லை. “படுக்கச் சொன்னே, படுத்துட்டேன். அடுத்து என்ன செய்யணும்? எழுந்திரிக்கணுமா? கையெழுத்துப் போடணுமா? சொல்லு, செய்யறேன்.”

பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவன் அவளிடம் சொன்னதில்லை. ‘நீ சொல்லி நான் கேக்கணுமா?’ என்பதுதான் அவன் பேச்சு. அந்த ஆளுக்காகத்தான் விரிப்பை நீவி வைத்தாள். உள்ளே கிடப்பது அந்த ஆள் இல்லை. அவள் சொன்னால் எழுந்து, அவள் சொன்னால் படுத்து, இந்த வீடு நிற்கிற காலம் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிற ஒன்று. அவன்தான் அது என்பதும் உண்மை. அவனை இப்படி ஆக்கியது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பேனா கீழே விழுந்தது.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றாள் கதவைப் பார்த்து. “இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்.”

திரும்பி வந்து, கையெழுத்துப் போடாத பேப்பரை ரசமட்டத்தின் மடியில் வைத்தாள்.

“சார், அவர் இறந்துட்டார்.”

“அண்ணி!” என்று கொழுந்தன் அலறினான்.

“இறந்துட்டார் சார். இப்ப இல்லை. நீங்க குழி பாக்க வந்தீங்களே, அதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி. மத்தியானம் ரெண்டு மணிக்கு, டீக்கடை பெஞ்சுல. உயிரோட நான் பாக்கக்கூட முடியலை.”

உள்ளே தேய்கிற சத்தம் நின்றது. நெடுந்தூரம் வந்தவன் விடுகிற மூச்சு ஒன்று, நீளமாக, கடைசிவரை வெளியே வந்தது. அதற்குப் பிறகு கட்டில் முனகவில்லை.

ரசமட்டம் எழுந்து போய் உள் அறைக் கதவை முழுக்கத் திறந்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. செம்பில் தண்ணீர் தளும்பாமல் இருந்தது. அங்கேயே நின்று ஃபைலின் முதல் பக்கத்தைத் திருப்பி, குழி பார்த்த அன்று தன் கையால் எழுதிய தேதியைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது அவருக்கு இழுப்பு கூடிவிட்டது.

“அப்ப நான் பேசினது யார்கிட்டம்மா?”

“நான் அனுப்பினவர்கிட்ட சார்.”

அவர் முக்காலிக்கு வந்து உட்கார வெகுநேரம் ஆயிற்று. கீழே கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டார். “நான் இதை எழுதியாகணும்மா” என்றார் மெல்ல. “எழுதினா பணம் நின்னுடும். மேல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.”

“எழுதுங்க சார்.”

“ஏழு மாசம் அண்ணி” என்றான் கொழுந்தன். அவன் கண்ணில் தண்ணீர். “ஒவ்வொரு ஆணியும் நீங்க அடிச்சது. வீடு போயிடும். நிலமும் போயிடும்.”

“தெரியும் தம்பி.”

ரசமட்டம் எழுத ஆரம்பித்தார். அவள் தான் போட்ட பலகைத் தரையில், சுவரோரமாக உட்கார்ந்தாள். அடக்கத்தன்று வேற்றூரில் அவள் அழவில்லை. திரும்பி வந்த பிறகு அழ முடியவில்லை. வெளியே போயிருக்கிற புருஷனுக்காக யார் அழுவார்கள்? யாராவது பார்த்தால் என்ன பதில் சொல்வது? ஏழு மாதமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது தொண்டைக்கு ஏறி வந்தது. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, செத்த வீட்டில் பெண்டாட்டி அழுவது போல வாய்விட்டு அழுதாள்.

“போயிட்டீங்களே... என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே...”

ரசமட்டம் பேனாவை நிறுத்தினார். அவள் அழுது முடிக்கும்வரை எழுதாமல் காத்திருந்தார்.